பழைய நேரத்து மாணவன்

2003 செப்ரெம்பர் 6, சனி

வெயில். காற்று முழுக்க உமி. காலையில் மில் எஞ்சினுக்கு எண்ணெய், பிறகு என் தலைக்கு எண்ணெய். முரசுமோட்டையிலிருந்து சைக்கிளில் பரந்தன், அங்கிருந்து பஸ்ஸில் கிளிநொச்சி.

இன்று முதல் நான் கல்லூரி மாணவன். வயது நாற்பத்தெட்டு. சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு நல்ல புள்ளி. கணக்கைப் பற்றிக் கதைக்காமல் விடுவோம்.

பிறகு எனக்கே மறந்துவிடும் என்பதால் விஷயத்தை எழுதி வைக்கிறேன். மகள் சுகி ரொறன்ரோவில் படிக்கிற கல்லூரியில் தமிழ் இலக்கியமும் ஒரு பாடம். வகுப்பறை கிடையாது, எல்லாம் நெட்டில். கிழமைக்கு ஒரு பாட்டோ கதையோ வாசித்து ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்குப் பெயர் ஒப்படை. வெளியாட்கள் சிலரையும் சும்மா சேர்ப்பார்களாம், ஆனால் சும்மா இருக்க விடமாட்டார்களாம். இரண்டு ஒப்படை தவறினால் பெயர் வெட்டு. அவள் தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. போன மாதம் ரெலிபோனில் சொன்னாள்: "அப்பா, இனி நானும் நீங்களும் ஒரே வகுப்பு."

பதின்மூன்று வயதில் அவளை என் மனைவி ராணியின் தமையனோடு அனுப்பினோம். ஆறு வருஷம். மாதம் ஒரு தரம் ரெலிபோன். சாப்பிட்டியோ, குளிரோ, படிக்கிறியோ. மூன்றுக்கும் ஓம். பிறகு கரகரவென்று ஒரு இரைச்சல், முடிந்தது. அந்த மூன்று ஓமை வைத்துத்தான் ராணியும் நானும் மிச்ச மாதத்தை ஓட்டுவது. கிழமைக்கு ஒரு தரம் அவள் பார்க்கிற அதே பக்கத்தை நானும் பார்க்கலாம் என்றால், ஒப்படை என்ன, பிரம்படி என்றாலும் போவேன்.

நெட் கடை நடத்துவது செல்வி. பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். பேச்சில் இன்னும் அந்தப் பக்கத்து வாடை. நான் மவுஸைப் பிடித்த பிடியைப் பார்த்து, "அண்ணே, கோழி அமுக்குறாப்ல அமுக்காதீங்க, அது எங்கயும் ஓடாது" என்றாள். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

பாட்டைக் கடதாசியில் எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

வீட்டில் ராணி: "படிக்கிற வயசில மாமரத்தில இருந்தனீங்கள். பேரப்பிள்ளை காணுற வயசில பள்ளிக்கூடமோ?"

செப்ரெம்பர் 9, செவ்வாய்

சிறுபோக நெல் குவிகிறது. மில்லில் மூச்சுவிட நேரமில்லை. பெல்ட் பழுதாகப் போகிற சத்தம்.

பாட்டு ஐந்து வரி. இரண்டாயிரம் வருஷம் இருக்குமாம். அர்த்தம் கீழே போட்டிருக்கிறது. மழைக்கு முதல் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை வந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். முதல் தரம் வாசித்தபோது மிச்சம் அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று கடதாசியைத் திருப்பிப் பார்த்தேன். வெறுமை.

ரீச்சரின் குறிப்பு: காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, முல்லைக்கு உரியது காத்திருத்தல்.

இதை முல்லைத்தீவு றோட்டோரம், மில் வாசலில் நின்று வாசித்தேன். எதிரே காடு. பஸ்ஸுக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை. சமாதானப் பேச்சுவார்த்தை முடிவுக்கு முழு ஊரும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முதலே எங்களைப் பற்றி யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மயிர் கூச்செறிந்தது. உமித் தூசியாகவும் இருக்கலாம்.

செப்ரெம்பர் 13, சனி

ஒப்படை 1 அனுப்பியாயிற்று. ஒற்றை விரலால் தட்டினேன். ஜெனரேற்றர் இரண்டு தரம் நின்றது. நான் எழுதியது:

"இப்பாடலில் ஓசைநயம், பொருள்நயம், அணிநயம் ஆகியன சிறந்து விளங்குகின்றன. புலவரின் கற்பனைத் திறன் போற்றத்தக்கது."

பள்ளிக்கூடத்தில் இந்த வசனத்துக்கு எப்போதும் புள்ளி விழும். முப்பது வருஷம் கழித்தும் மறக்கவில்லை என்று உள்ளூரப் பெருமை.

அனுப்பிய பிறகுதான் மற்றவர்கள் எழுதியது திறக்கும். திறந்தது. சிட்னியில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர். பாரிஸில் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிற ஒருவர். ஜெர்மனியில் கைக்குழந்தையோடு ஒரு தாய். எல்லோரும் அதே ஐந்து வரிக்குள் குனிந்து நிற்கிறார்கள். ஒரே கிணற்றை ஊர் ஊராக வந்து எட்டிப் பார்ப்பதுபோல. 

கடைசியில் சுகியின் பக்கம்.

அவள் எழுதியிருக்கிறாள்: இந்தப் பாட்டில் அவனைப் போக விட்டவள் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அவன் சொன்ன நாளை மட்டும் திருப்பிச் சொல்கிறாள். பிரிந்து போனவர்களுக்கு அதுதான் பெரிய பாரம், குறை சொன்னால் லேசாக இருந்திருக்கும்.

மூன்று தரம் வாசித்தேன். இது என் பிள்ளையா? மாட்டுக்குப் பயந்து என் முதுகில் ஏறிக்கொண்டு திரிந்தவள். ரெலிபோனில் ஓம், ஓம், ஓம். உள்ளே இவ்வளவும் இருந்திருக்கிறது.

என் பக்கத்தின் கீழே அவள் ஒன்றும் எழுதவில்லை. அணிநயத்துக்கு என்னத்தை எழுதுவது.

ராணி கேட்டாள், பிள்ளை என்ன சொன்னவள் என்று. ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்றேன். அதைக் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றி என்ன சொன்னவள் என்றாள்.

செப்ரெம்பர் 20, சனி

முகில். மழை இல்லை. ஒப்படை 2 அனுப்பினேன். சுமார்.

ஒப்படை 1க்கு ரீச்சரின் பதில், மிக மரியாதையாக: "ஐயா, இந்த வசனங்களைப் பாட்டை வாசிக்காமலும் எழுதலாம். நீங்கள் வாசித்தபோது என்ன நடந்தது? அதை எழுதுங்கள். விரும்பினால் முதல் ஒப்படையைத் திருத்தி மீண்டும் தரலாம்."

செல்வி எட்டிப் பார்த்து வாசித்துவிட்டாள். "பெயிலா அண்ணே?"

பெயில் இல்லை, நயம் கூடிவிட்டது என்றேன்.

செப்ரெம்பர் 27, சனி

பெல்ட் அறுந்தது. கிளிநொச்சியில் அந்த அளவு இல்லை. ஒப்படையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விடியவே வவுனியா பஸ். வவுனியாவில் நெட் கடை நிறைய இருக்குமே, அங்கேயே அனுப்பலாம் என்ற நினைப்பு.

ஓமந்தைச் சாவடியில் இறக்கிச் சோதனை, அதைத் தாண்டினால் அரசாங்கப் பகுதி. பிறகு வழக்கம்போல எல்லோரும் மணிக்கூட்டைத் திருகினார்கள். நாங்கள் பழைய நேரம், அந்தப் பக்கம் புது நேரம், அரை மணித்தியாலம் முன்னுக்கு. அரசாங்கம் மணியை முன்னுக்குத் தள்ளியபோது எங்கள் பக்கம் தள்ளவில்லை, ஏழெட்டு வருஷமாக இப்படித்தான். எனக்கு முன்னால் நின்ற ஆச்சி கேட்டா: "அப்ப தம்பி, இஞ்சால வந்தா எனக்கு வயசும் கூடுமோ?" வரிசை முழுக்கச் சிரிப்பு. திரும்பிப் போகும்போது குறைத்துவிடுவார்கள் ஆச்சி என்றேன்.

பெல்ட் கிடைத்தது. உதிரிப்பாகக் கடை முஸ்லிம் முதலாளி முல்லைத்தீவுக்காரர், தொண்ணூறில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர். ஊரைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். எழும்ப மனமில்லை. நெட் கடைக்கு ஓடினால் அங்கே தமிழ் எழுத்து வரவில்லை, கட்டம் கட்டமாக விழுகிறது. சாவடி பூட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஒப்படை 3 போனபடியே என் பைக்குள் திரும்பி வந்தது.

ஒன்று தவறியாயிற்று. இன்னொன்று தவறினால் பெயர் வெட்டு. பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பு. பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, பாம்பாட்டி மாதிரி.

ஒக்ரோபர் 1, புதன்

மத்தியானம் திடீர் மழை. ராணி அவித்த நெல்லை முற்றத்தில் படங்கு விரித்துக் காயப்போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஓடி ஓடி அள்ளினோம். பாதி நனைந்தது.

அள்ளி முடித்துத் துவாயால் தலை துடைத்துக்கொண்டிருந்தபோது, என்ன பைத்தியமோ, அந்தப் பாட்டை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டாள். ஈரக் காலோடு திண்ணைக் குந்தில் இருந்தபடி சொன்னாள்:

"மழை வந்தா அவளுக்கு அள்ளுற வேலை இருந்திருக்கும். அதெல்லாம் அள்ளி முடிச்சுப்போட்டுத்தான் நினைச்சிருப்பாள்."

பிறகு தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

 ஐந்து வரிக்கு வெளியே ஒரு முற்றம் தெரிந்தது. படங்கு, சுளகு, ஓட்டம். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு பெண் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறாள். அந்த இடத்தில்தான் பாட்டே தொடங்குகிறது. ஒரு மாதமாகப் பையில் வைத்துத் திரிகிற எனக்கு இது தெரியவில்லை.

ஒக்ரோபர் 4, சனி

ஒப்படை 4 அனுப்பினேன். அதோடு ஒப்படை 1, திருத்தியது. ராணி சொன்னதை எழுதி, கீழே "இது என் மனைவி சொன்னது" என்றும் போட்டேன். களவெடுத்துப் புள்ளி வாங்குகிற வயது தாண்டிவிட்டது.

ஒக்ரோபர் 11, சனி

ஒப்படை 5 அனுப்பினேன். திருத்திய ஒப்படை 1க்கு ரீச்சரின் பதில்: "இப்போது வாசித்திருக்கிறீர்கள்." நாலு ஊர்க்காரர் கீழே எழுதியிருக்கிறார்கள். பாரிஸ்காரர், தன் தாய் மிளகாய் அள்ளுகிற கதையை ஒரு பக்கத்துக்கு.

எல்லோருக்கும் கீழே சுகி. முதல் தரம்.

"கீழே எழுதாவிட்டாலும் கண்டுபிடிச்சிருப்பன். இது அம்மாவின்ர கதை."

திரையில் அதைப் பார்த்ததும் எழும்பி நின்றுவிட்டேன். கதிரை விழுந்தது. செல்வி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

கடதாசியில் எடுத்துவந்து ராணியிடம் கொடுத்தேன். வாசித்தாள். மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.  இரவுச் சாப்பாட்டில் எனக்கு ஒரு முட்டை அதிகம்.

இன்னொரு செய்தி. வருகிற சனி எல்லோரும் ஒரே நேரத்தில் நெட்டில் கூட வேண்டுமாம். அரை மணித்தியாலம். தட்டித் தட்டிக் கதைப்பது. ஆளுக்கு ஒரு பாட்டு, ரீச்சர் கேள்வி கேட்பா. அதுவும் ஒரு ஒப்படைக் கணக்கு. எனக்காகவே நேரத்தைப் போட்டிருக்கிறா: "இலங்கை நேரம் மாலை 6.30." ரொறன்ரோவில் அப்போது காலையாம்.

தவறினால் இரண்டு. நான் அவ்வளவுதான்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

மழை விட்டு விட்டு. வயல் பக்கம் எல்லோரும் விதைப்பில்.

நாளைக்கு:
- செல்வியிடம் கதிரை பதிவு (சொல்லியாயிற்று. ஏழு மணிக்குப் பூட்டுவாளாம்)
- ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஒரு போத்தல் நானே கொண்டுபோவது
- வெள்ளைச் சட்டை (என்னை ஒருவருக்கும் தெரியாது என்று ராணி. இருக்கட்டும்)
- சைக்கிள் முன் ரியூப்
- பாட்டு: முதலாவது, ராணியின் பாட்டு

இரண்டு விரலால் தட்டப் பழகினேன், மில் மேசையில். சரிவரவில்லை. ஒற்றை விரலே போதும்.

ஒக்ரோபர் 18, சனி

எழுத முடியவில்லை. நாளைக்கு.

ஒக்ரோபர் 19, ஞாயிறு, காலை

மழை இருட்டு. எஞ்சினுக்கு ஓய்வு. நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஐந்தரைக்கே செல்வி கடை வாசலில் நின்றேன். வெள்ளைச் சட்டை, மண்ணெண்ணெய்ப் போத்தல். முந்தி வந்துவிட்டோம் என்று முன்கடையில் ஒரு பிளேன்ரீ. ஆறுமணிக்குச் செல்வி கூப்பிட்டாள், இப்பவே திறந்து பார்ப்போமே அண்ணே என்று. நேரம் இருக்கிறது பிள்ளை, மாப்பிள்ளை முந்திப் போய் மணவறையில் இருக்கக் கூடாது என்றேன். அப்படிச் சொன்ன வாய் இது.

சுவர் மணிக்கூட்டில் ஆறரை அடிக்கச் சரியாக உள்ளே போய் என் பெயரைத் தட்டினேன். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சிட்னிக்காரர், நன்றி வணக்கம். ஜெர்மனித் தாய், நன்றி வணக்கம். ரீச்சரின் பெயர் ஏற்கெனவே இல்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போதுதானே ஆறரை?

செல்விதான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, இலங்கை நேரம்னா அவங்க நேரம். புது நேரம். அங்க இப்ப ஏழு."

ஓமந்தையில் எத்தனை தரம் மணிக்கூடு திருகியிருக்கிறேன். மூன்று கிழமைக்கு முதல் ஆச்சிக்கு வயதுக் கணக்குப் பார்த்தவன் நான். வீட்டு வாசல் தாண்டாமல் இருந்தபடி இலங்கை நேரம் என்றால் என் நேரம் என்று நினைத்துவிட்டேன். சாவடி தாண்டினால்தான் எனக்கு மூளை திருகும்போல.

சிரிப்பு வரவில்லை. இரண்டாவது ஒப்படை. பெயர் வெட்டு. இனி மாதம் ஒரு தரம், மூன்று ஓம்.

கையை எடுக்கப் போனேன். திரையில் ஒரு பெயர் மட்டும் போகாமல் நின்றது. சுகி. கீழே எழுத்து வந்தது.

"அப்பா, பழைய நேரமோ?"

எனக்கு எழுத்து ஒன்றும் கண்ணில் அகப்படவில்லை. தேடித் தேடி ஒரு "ஓம்" போட்டேன்.

அவள் வேகமாகத் தட்டினாள். ரீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், எங்கட ஊரில் மணி வேறு, அப்பா அரை மணித்தியாலம் கழித்துத்தான் வருவார் என்று. ஒரு தீவுக்குள் இரண்டு நேரமா என்று ரீச்சர் முதலில் நம்பவில்லையாம். பிறகு, சரி, நீயே இருந்து அவரிடம் கேள், எழுதுவதெல்லாம் அழியாமல் கிடக்கும், நான் நாளைக்குப் பார்க்கிறேன் என்றாவாம்.

ஆக என் பரீட்சகர் என் மகள்.

"கேள்வி. மழை வந்த பிறகும் அவன் வருவான் எண்டு அவள் ஏன் நம்புறாள்?"

எழுதி வைத்த கடதாசி சட்டைப் பைக்குள்தான் இருந்தது. எடுக்கவில்லை. ஒற்றை விரலால் தட்டினேன்: மழை தன் நேரத்துக்கு வந்தது. அவளிடம் இருப்பது அவன் சொல்லிப் போன நேரம். அவள் அதைத்தான் வைத்திருக்கிறாள்.

 ஜெனரேற்றர் இருமியது. செல்வி என் போத்தலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். பூட்டுகிற நேரம் வந்தும் அவள் பூட்டவில்லை.

பிறகு சுகி: "இது ஓசைநயமோ பொருள்நயமோ?"

தகப்பனை நக்கலடிக்கிறாள். வகுப்பு முழுக்கப் பார்க்கப்போகிற இடத்தில். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

கேட்டேன், நான் பிந்தி வருவேன் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று.

அவள் எழுதியதை அப்படியே கடதாசியில் எடுத்து வந்திருக்கிறேன். இதோ, பார்த்து எழுதுகிறேன்:

"போற அண்டைக்குச் சாவடி தாண்டினவுடன மாமா மணிக்கூட்டைத் தள்ளினவர். என்னையும் தள்ளச் சொன்னவர். நீங்கள் வாங்கித் தந்தது. நான் தள்ளேல்லை. இப்பவும் மேசையில அப்பிடியே ஓடுது. பற்றரி மட்டும் மாத்துவன். பிழையான மணிக்கூட்டை ஏன் வைச்சிருக்கிறாய் எண்டு மாமி பேசுறவ. அது பிழையில்லை மாமி, அது அப்பாவின்ர நேரம் எண்டு சொல்லுவன்."

இரண்டு சாவடி, ஒரு கடல், ஆறு பனிக்காலம் தாண்டி அந்தச் சின்ன மணிக்கூடு. பரந்தன் சந்தியில், பேரம் பேசி வாங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது, அதைச் சொல்லித்தான் விலை குறைத்தேன்.

அதற்குப் பிறகு என்ன தட்டினேன் என்று நினைவில்லை. சாப்பிட்டியோ என்று கேட்டிருக்கிறேன், கடதாசியில் இருக்கிறது. ஓம் என்றிருக்கிறாள்.

அதே நாள், பின்னேரம்

நெட் கடைக்கு ஞாயிறு லீவு. ஆனாலும் செல்வி திறந்து பார்த்துவிட்டு, முரசுமோட்டைக்கு வருகிற பஸ் கொண்டக்ரரிடம் ஒரு துண்டு கொடுத்து விட்டிருக்கிறாள்: "அண்ணே, பாஸ். ரீச்சர் எழுதிட்டாங்க. பெயர் வெட்டல. இனிமே எல்லாருக்கும் ரெண்டு நேரமும் போடுறாங்களாம்."

ஒரு கல்லூரி எங்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறது. அந்தத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கொடுக்கத் துணிவில்லாமல் வைத்திருந்த சுகியின் கடதாசியை இப்போதுதான் ராணியிடம் கொடுத்தேன். முற்றத்தில் நின்றபடியே வாசித்தாள். மணிக்கூட்டைப் பற்றிய வரியில் கண் நின்றுவிட்டது. அதற்குள் பொத்துப் பொத்தென்று துளி. கடதாசியை என் கையில் திணித்துவிட்டுப் படங்குக்கு ஓடினாள். நானும் ஓடினேன். முழுக்க அள்ளிக் கட்டி உள்ளே இழுத்து வைத்தோம். ஒரு மணி நெல்லும் நனையவில்லை.

குசினி வாசலில் நின்று மழையைப் பார்த்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"பிள்ளையிட்ட இப்ப எத்தினை மணி?"

எங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு ஐந்து என்றேன்.